அந்த இரண்டு மணி நேரம்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முதல் குழந்தை, ஏழாம் மாதம், ஏரிக்கரைக் குப்பம், சுகர் 140-ஐத் தாண்டிவிட்டது என்று நர்ஸம்மா அட்டையில் எழுதிக் கொடுத்தார். இவ்வளவையும் நாலு வரியில் சொல்லிவிட்டு, மீதிப் பக்கம் முழுக்க ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறீர்கள். “மாசமா இருக்கும்போது சுகர் வந்த பொம்பளைங்க சேர்ந்து பேசிக்கிற குரூப் போன்ல இருக்காமே, அதுல சேர்ந்தா பிரயோஜனம் உண்டா, இல்லை இன்னும் பயந்துதான் போவேனா?” ஊர்ப்பேரும் உங்கள் பேரும் வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. பதிலை மட்டும் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கோட்டைக்குப்பத்திலோ நடுவூர் மாதாகுப்பத்திலோ லைட்ஹவுஸ் குப்பத்திலோ இதே கேள்வியோடு இன்னொரு பெண் உட்கார்ந்திருப்பாள்.

நான் டாக்டர் இல்லை. மருந்து, அளவு, ஊசி பற்றியெல்லாம் உங்கள் ஆஸ்பத்திரி சொல்வதுதான் கடைசிப் பேச்சு. உங்கள் கேள்வி மருந்தைப் பற்றியது இல்லை என்பதால் பதில் சொல்லத் துணிகிறேன்.

பிரயோஜனம் உண்டு. ஆனால், முகம் தெரியாத ஐயாயிரம் பேர் இருக்கிற குழுவில் போய் முதலில் விழாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்களோடு அந்தக் குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்தவர்களிடமிருந்து தொடங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால், உங்கள் கடிதத்தில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் எழுதியிருந்ததற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

“ஆசைப்பட்டு ஜிலேபி தின்னேன், அதனாலதான்னு வீட்ல சொல்றாங்க.” அதனால் இல்லை. கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. குழந்தைக்குச் சர்க்கரை குறையாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, தாயின் உடம்பில் இன்சுலின் வேலை செய்வதை அவை மட்டுப்படுத்துகின்றன. இது எல்லாக் கர்ப்பிணிக்கும் நடக்கிறது. பெரும்பாலானவர்களின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடுகிறது. சிலருக்கு அது முடிவதில்லை. குடும்பத்தில் சர்க்கரை நோய் இருப்பது, வயது, உடல் எடை என்று அதற்குப் பல காரணங்கள். தாயின் ரத்தத்தில் ஏறிய சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. எனவே குழந்தை தன் கணையத்திலிருந்தே அதிகமாக இன்சுலின் சுரக்கிறது, அதனால் அளவுக்கு மீறிக் கொழுக்கிறது. பிறந்ததும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை சட்டென்று நின்றுபோவதால் குழந்தைக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடலாம். கோபன்ஹேகன் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950-களிலேயே இதை விளக்கிவிட்டார். சாப்பாட்டைக் கவனிக்கச் சொல்வது இதற்காகத்தான். ஜிலேபிக்குக் கொடுக்கும் தண்டனை என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, நீங்கள் தனி ஆள் இல்லை. 2000-களின் நடுவில் டாக்டர் வி. சேஷையாவின் குழு தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பரிசோதித்தது. சென்னை நகரத்தில் 17.8 சதவீதம் பேருக்கும், சைதாப்பேட்டை சுகாதார மாவட்டத்தில் 13.8 சதவீதம் பேருக்கும், கிராமப்புறத்தில் 9.9 சதவீதம் பேருக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. அந்தக் கிராமப்புறம் எது தெரியுமா? உங்கள் திருவள்ளூர் மாவட்டம்தான். அன்றைக்கே பத்துக்கு ஒருத்தி. இதெல்லாம் ‘மெட்ராஸ்காரிகளுக்கு வருவது’ என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 2007-ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை செய்யவேண்டும் என்று உத்தரவு போட்டது. சேஷையாவின் பிறந்தநாளான மார்ச் 10 இப்போது கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக நாடு முழுக்க அனுசரிக்கப்படுகிறது. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அவர் செய்த பெரிய காரியம் எது என்று என்னைக் கேட்டால் பட்டத்தைச் சொல்ல மாட்டேன். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்று ஆக்கினாரே, அதைச் சொல்வேன். வெளிநாட்டு முறைப்படி, ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்து காலையில் வந்து ரத்தம் கொடுத்து, சர்க்கரைத் தண்ணீர் குடித்து, மறுபடி மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். பசியாவரத்திலிருந்தோ இடமணியிலிருந்தோ தண்ணீரைக் கடந்து வருகிற வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் ‘நாளைக்குப் பட்டினியோடு வா’ என்றால் அவள் வரவே மாட்டாள். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்தால் போதும், 140-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை என்று எளிதாக்கினார்கள். 2014-ல் மத்திய அரசும் இதையே தன் வழிகாட்டி நெறியாக்கியது. முதல் தடவை ஆஸ்பத்திரிக்கு வரும்போது ஒரு சோதனை, அது சரியாக இருந்தால் 24-லிருந்து 28-ஆம் வாரத்துக்குள் இன்னொன்று. உங்களுக்கு இரண்டாவதில்தான் தெரிந்திருக்கிறது.

இப்போது அந்த இரண்டு மணி நேரத்துக்கு வருகிறேன்.

குளுக்கோஸ் தண்ணீர் குடித்த பிறகு எங்கும் போகக் கூடாது, எதுவும் தின்னக் கூடாது. பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். குமட்டும். பக்கத்தில் இருப்பவளுக்கும் குமட்டும். சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கென்று ஒதுக்கிய நாளில் போனீர்கள் என்றால் அந்தப் பெஞ்சில் நாலைந்து பேராவது இருப்பார்கள். எந்தக் குப்பம், எத்தனையாவது மாதம், தலைப்பிரசவமா, தாய்வீடு எங்கே என்று பேச்சு தானாகக் கிளம்பும். வேறு எந்த ஆஸ்பத்திரி வேலையிலும் பெண்களை இவ்வளவு நேரம் சும்மா சேர்த்து உட்கார வைப்பதில்லை. பொது சுகாதாரத் துறை காசு செலவில்லாமல் ஒரு பெண்கள் குழுவைக் கூட்டி உட்கார வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ‘போய் வாங்க’ என்று கலைத்து அனுப்பிவிடுகிறது. எனக்கு இது பெரிய வீணாகவே படுகிறது.

பெஞ்சைப் போய் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேனே என்று தோன்றலாம். காரணத்தோடுதான் சொல்கிறேன்.

வங்கதேசத்தில் ஃபரித்பூர் என்று ஒரு மாவட்டம். அங்கே 96 கிராமங்களை எடுத்து மூன்று கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறில் மாதம் ஒரு முறை ஊர்க்காரர்களையே கூட்டிப் பேச வைத்தார்கள். சர்க்கரை நோய் ஏன் வருகிறது, நம் ஊரில் அதைத் தடுக்க எது இடைஞ்சல், என்ன செய்யலாம் என்று அவர்களே பேசி, அவர்களே முடிவெடுத்து, அவர்களே செய்தார்கள். பதினெட்டு மாதம் இப்படி. இன்னொரு கூறில் போனுக்கு வாரம் இரண்டு குரல் செய்தி அனுப்பினார்கள். மூன்றாவது கூறில் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. 2019-ல் முடிவு வெளிவந்தது. கூடிப் பேசிய ஊர்களில் சர்க்கரை நோயும் அதற்கு முந்தைய நிலையும் சேர்ந்து, ஒன்றும் செய்யாத ஊர்களைவிட ஏறக்குறைய 20 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது. போன் செய்தி போன ஊர்களில் மக்களுக்கு விவரம் கூடியது, நோய் குறையவில்லை. அது கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வு இல்லை, ஊரில் உள்ள ஆண் பெண் எல்லோரிடமும் செய்தது. இருந்தாலும் நமக்கு அதில் சேதி இருக்கிறது.

இன்னொரு ஆய்வு கர்ப்பகாலச் சர்க்கரை வந்த தாய்மார்களிடமே செய்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றிலும் 19 நகர ஆஸ்பத்திரிகளில், ஏறக்குறைய 1,600 பெண்கள். பிரசவத்துக்குப் பிறகு ஒரு பாதிப் பேருக்கு நான்கு குழுக் கூட்டமும், 84 குறுஞ்செய்தியோ குரல் செய்தியோ, இடையிடையே போனில் விசாரிப்பும். மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 2022-ல் வந்த முடிவில் இரண்டு பக்கமும் நாலில் ஒருத்திக்குச் சர்க்கரை நிலை மோசமாகியிருந்தது. பேசும்படியான வித்தியாசம் இல்லை.

இதற்கு நேர்மாறாகச் சென்னையிலிருந்து ஒரு கதை உண்டு. டாக்டர் ஏ. ராமச்சந்திரனின் குழு 537 ஆண்களிடம் செய்த ஆய்வை 2013-ல் வெளியிட்டது. சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த, வேலைக்குப் போகிற ஆண்கள். போனில் குறுஞ்செய்தி பெற்றவர்களில் இரண்டு வருடத்தில் 18 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது, பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு. அப்படியானால் செய்தி பலித்திருக்கிறதே என்பீர்கள். பலித்தது. சட்டைப்பையில் சொந்த போன், மாதச் சம்பளம், தனக்கு என்ன வேண்டும் என்று வீட்டில் சொல்லிச் சமைக்க வைக்கிற அதிகாரம், மூன்றும் உள்ள ஆண்களுக்குப் பலித்தது என்று நான் படிக்கிறேன். ‘சோற்றைக் குறையுங்கள்’ என்று உங்கள் போனுக்குச் செய்தி வந்தால், சோறு வடிப்பது உங்கள் மாமியார், தட்டில் வைப்பதும் அவர். செய்தி உங்களிடம் வந்து என்ன செய்ய?

ஆகவே போன் மட்டும் போதாது. போனுக்குப் பின்னால் நேரில் பார்த்த முகங்கள் இருக்க வேண்டும். நாலு கூட்டம் போட்டால் வருகிற பழக்கம் இல்லை இது. உங்கள் கரையில் மகளிர் குழுக்கள் எப்படி நடக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய அந்தச் சுய உதவிக் குழு முறை இன்றைக்கு எல்லாக் குப்பத்திலும் இருக்கிறது. மாதம் தவறாமல் கூடி, காசை எண்ணி, சண்டை போட்டு, மறுபடி கூடுவதால்தான் அது நிற்கிறது. கர்ப்பிணிகளின் போன் குழுவும் அப்படித்தான். பெஞ்சில் சந்தித்து, வீட்டுக்கு வந்த பிறகு போனில் தொடர்ந்து, அடுத்த சோதனைக்கு மறுபடி பெஞ்சில் சந்தித்து. சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பிற்பாதி மாதங்களில் அடிக்கடி ரத்தப் பரிசோதனைக்கு வரத்தான் போகிறீர்கள். வருகிற நாளைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரே ஆட்டோவில் வரலாம்.

இப்படி ஒரு சின்னக் குழு எதற்கு உதவும்? டாக்டரிடம் கேட்கத் தோன்றாத, கேட்டாலும் அவருக்குப் பதில் தெரியாத கேள்விகளுக்கு. வெளிநாட்டில் இருக்கிற நம் பெண்கள் இதைத்தான் அனுபவிக்கிறார்கள். அங்கே ஃபேஸ்புக்கில் பெரிய பெரிய குழுக்கள் உண்டு. ஒருத்தி தன் தட்டைப் படம் பிடித்துப் போடுவாள், இரண்டு மணி நேரம் கழித்து வந்த சர்க்கரை அளவையும் போடுவாள், மற்றவர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். நல்ல முறைதான். ஆனால் தட்டில் ரொட்டியும் ஓட்ஸும் இருக்கும். கெளுத்திக் குழம்பும் சோறும் இருக்காது.

உங்கள் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரிக்காரிக்கு ஒரு அதிர்ஷ்டம், மீனில் மாவுச்சத்து கிடையாது. மடவை, கிழங்கான், நெத்திலி, இறால், நண்டு, எதுவும் சர்க்கரையை ஏற்றாது. பிரச்சினை சோற்றில்தான், அது குவிந்திருக்கும் அளவில்தான். தட்டில் பாதி காய், கீரை, கால் பங்கு மீன், கால் பங்கு சோறு என்று டயட்டீஷியன் படம் போட்டுக் காட்டியிருப்பார். மீன் இருக்கிற வீட்டில் காய் இருக்காது என்பதுதான் அவருக்குத் தெரியாத விஷயம். மீன் குழம்பு வைக்கிற நாளில் பொரியல் எதற்கு என்றுதான் நம் வழக்கம். பக்கத்துக் குப்பத்தில் ஒருத்தி முருங்கைக்கீரையை இறாலோடு வதக்கி வைத்துச் சமாளிக்கிறாள் என்றால், அந்த விவரம் குழுவில்தான் வரும். கருவாட்டில் உப்பு அதிகம், பிரஷர் இருக்கிறவர்கள் அதை ஒதுக்க வேண்டும் என்பதும் வரும். காலையில் உடம்பு சர்க்கரையைச் சமாளிப்பது மற்ற வேளைகளைவிடக் கஷ்டம். ஆறு இட்லியை மதியம் தாங்குகிற உடம்பு காலையில் தாங்காது. இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட, ‘இன்னைக்கு மூணு இட்லியும் ரெண்டு முட்டையும் சாப்பிட்டேன், சுகர் இறங்கிடுச்சு’ என்று ஒருத்தி சொல்லிக் கேட்பது மனசில் நிற்கும்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் அரசு கொடுக்கிற ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழமும் நெய்யும் சத்துமாவும் இருக்கும். திட்டத்தில் சேர்ந்த எல்லோருக்கும் ஒரே பெட்டகம்தான். ‘இந்தப் பேரீச்சையை நான் என்ன பண்றது?’ என்பது குழுவில் முதல் வாரமே வரப்போகிற கேள்வி. பதிலை நர்ஸம்மாவிடம் ஒருத்தி கேட்டு வந்தால் எல்லோருக்கும் ஆகும்.

ஊசி போட வேண்டி வந்தால் இன்னொரு சங்கதி. இரண்டு வாரம் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நடையும் பார்த்துவிட்டு, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் எடுத்த அளவு 120-க்குக் கீழே வராவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ தொடங்குவார்கள். இன்சுலின் என்றதும் அழ வேண்டாம், அது குழந்தைக்குப் போகாது என்று மேலேயே சொன்னேன். பிரித்த மருந்துக் குப்பியைக் குளிர்ச்சியான இடத்தில் வைத்து ஏறக்குறைய ஒரு மாதம் பயன்படுத்தலாம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் எங்கே வைப்பது? மீன்பிடிக் குப்பத்தில் சட்டென்று கைபோவது ஐஸ் பெட்டிக்குத்தான். அதில்தான் ஆபத்து. ஐஸ் மேல் பட்டு உறைந்துபோன இன்சுலினை அப்புறம் எறியத்தான் வேண்டும், உருகினாலும் வேலை செய்யாது, பார்க்கவும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். ஈர மணலுக்குள் வைத்த மண்பானை நல்லது. சென்னையில் உட்கார்ந்து எழுதுகிற எந்தக் கையேட்டிலும் மீன் ஐஸ் பெட்டியைப் பற்றி ஒரு வரி இருக்காது. உங்கள் குழுவில் முதல் நாளே இருக்க வேண்டும்.

மீன் விற்கப் போகிறவர்களுக்கு நேரம்தான் சிக்கல். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஏலத்துக்கு ஓடி, பொன்னேரிக்கோ மெட்ராஸுக்கோ கூடையைத் தூக்கிப் போனால் சாப்பாடு பதினொரு மணிக்கு. ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனால் சர்க்கரை தாழும். கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும். உடனே மூன்று ஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, பிறகு சாப்பிட வேண்டும். குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று சுருக்குப் பையில் எப்போதும் இருக்கட்டும். சந்தைக்குப் போகிறவள் எந்த நேரத்தில் ஊசி போடுவது என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். கேட்கும்போது, தான் எத்தனை மணிக்கு எழுகிறாள் என்பதையும் சொல்ல வேண்டும். ‘இதை நீ டாக்டர்கிட்ட சொன்னியா?’ என்று கேட்க ஒருத்தி குழுவில் இருந்தாலே போதும்.

இனி போன். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2019-21 காலத்தில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய நாலில் மூன்று பெண்களிடம் தாங்களே பயன்படுத்துகிற போன் இருந்தது. ஆனால் எப்போதாவது இன்டர்நெட் பயன்படுத்திய பெண்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. அப்புறம் கூடியிருக்கும். என்றாலும் குப்பத்தில் பல வீடுகளில் பெரிய போன் கணவருடையது, ஏரிக்கோ கடலுக்கோ அவரோடு பிளாஸ்டிக் உறையில் போய்விடும். ஆகவே சில விஷயம். எழுத்தைவிடக் குரல் செய்தி நல்லது. படிக்கச் சிரமப்படுகிறவர்களும் இருப்பார்கள், குரலில் பயமும் சிரிப்பும் தெரியும். ஆனால் வீட்டில் சத்தமாக ஓடவிட்டால் மாமியார் காதில் விழும், அதனால் காதில் வைத்துக் கேளுங்கள். குழுவுக்கு ‘சுகர்’ என்று பேர் வைக்காதீர்கள். அவர் போனில் அந்தப் பேர் வந்து நின்றால் படகில் இருக்கிற பத்துப் பேர் பார்ப்பார்கள். ‘சுகர்க்காரி’ என்ற பட்டம் பிள்ளை பிறந்த பிறகும் ஒட்டிக்கொண்டு வரும். ‘பெஞ்சு’ என்றோ கோயில் பேரோ வையுங்கள். ஆஸ்பத்திரி அட்டையை அப்படியே படம் பிடித்துப் போடாதீர்கள், அதில் உங்கள் நம்பர், முகவரி எல்லாம் இருக்கும். சர்க்கரை அளவை மட்டும் சொன்னால் போதும். போன் இல்லாதவளுக்கு ஒருத்தி நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

ஏழெட்டுப் பேர் போதும். ராத்திரி இரண்டு மணிக்கு ‘குழந்தை அசையல, பயமா இருக்கு’ என்று செய்தி வந்தால் யாராவது விழித்திருக்க வேண்டும். உங்கள் ஏரியில் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைக்கிறீர்களே, பாடு, அதைப் போல இதற்கும் முறை வைத்துக்கொள்ளலாம். இந்த வாரம் இவள், அடுத்த வாரம் அவள். விழித்திருப்பவள் செய்ய வேண்டியது வைத்தியம் இல்லை. ‘108-க்குப் போன் போடு, நான் வர்றேன்’ என்று சொல்வதுதான். குழந்தை அசைவு குறைந்தால், ரத்தம் கண்டால், நீர் உடைந்தால், தலைவலியோடு கண் மங்கினால் குழுவில் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, கிளம்பிவிட வேண்டும். அவசரமில்லாத சந்தேகத்துக்கு 104 இருக்கிறது.

இனி கெட்டது. குழு என்றால் தப்பான பேச்சும் வரும். ‘ஊசி போட்டா ஆயுசுக்கும் ஊசிதான்’ என்பாள் ஒருத்தி. பெரும்பாலானவர்களுக்குப் பிரசவம் ஆனதும் ஊசி நின்றுவிடும். ‘ஒரு வேளை சோத்தையே விட்டுடு’ என்பாள் இன்னொருத்தி. பட்டினி குழந்தைக்கு ஆகாது. பாகற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சான் பொடி என்று யாராவது சொன்னால், கர்ப்பத்தில் டாக்டரைக் கேட்காமல் எந்தப் பொடியும் வேண்டாம் என்று ஒரே பதில். அதைவிட மோசம் புரோட்டீன் பவுடர் விற்கிறவர்கள். ‘நானும் உங்களை மாதிரிதான் அக்கா’ என்று நுழைந்து மூன்றாம் நாள் டப்பாவின் விலையைப் போடுவார்கள். அவர்களை வெளியே தள்ளத் தயங்காதீர்கள். உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் குழுவில் சேருங்கள். அவர் தினமும் பேச வேண்டாம், அவருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. வாரம் ஒரு நாள் எட்டிப் பார்த்துத் தப்பைத் திருத்தினால் போதும். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சர்க்கரை உள்ளவள் குழுவில் இருந்தால் அவளுக்குச் சொல்கிற மருத்துவம் வேறு. அவள் பேச்சைக் கேட்டு நீங்கள் மருந்தை மாற்றக் கூடாது, உங்களைப் பார்த்து அவளும்.

நீங்கள் பயந்து போவேனா என்று கேட்டீர்களே, அதற்கு நேராகவே சொல்கிறேன். ஒரு நாள் குழுவில் கெட்ட செய்தி வரலாம். குறைப்பிரசவம், குழந்தை இன்குபேட்டரில், அதைவிட மோசமாகவும். சர்க்கரையைக் கவனித்தால் பெரும்பாலான பிரசவங்கள் நல்லபடியாகவே முடிகின்றன. ஆனாலும் எல்லாமே நல்லபடி முடியும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. அப்படிச் செய்தி வந்தால் குழு கப்சிப் ஆகிவிடும். யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியாது, அவளோ தன்னை எல்லோரும் ஒதுக்கிவிட்டதாக நினைப்பாள். கைகூப்பிய பொம்மைப் படங்களை வரிசையாக அனுப்புவதைவிட, இரண்டு பேர் படகு ஏறியோ ஆட்டோ பிடித்தோ அவள் வீட்டுக்குப் போவது மேல். ஐயாயிரம் பேர் இருக்கிற குழுவில் இது முடியாது. மாசமாக இருக்கிற மற்றவர்கள் அன்றைக்கு ராத்திரி தூங்க மாட்டார்கள் என்பதும் உண்மை. அவர்களுக்கு நர்ஸம்மா ஒரு வார்த்தை பேசட்டும்.

மாமியாரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ‘ரெண்டு உசுருக்குச் சாப்பிடு’ என்று தட்டில் கொட்டுவது கெட்ட எண்ணத்தில் இல்லை. அடுத்த சோதனைக்கு அவரையும் கூட்டிப் போய் அந்த இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வையுங்கள். பக்கத்துக் குப்பத்து மாமியாரும் அங்கே இருப்பார். அவர்கள் பேசிக்கொள்வதில் பாதி வேலை முடியும். வளைகாப்பு வரப்போகிறதே, கலவைச் சாதங்களை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாய். மீதியை வந்தவர்கள் சாப்பிடட்டும், அதற்காகத்தானே கூப்பிடுகிறோம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். பிரசவத்தோடு குழு கலைந்துவிடும். பிள்ளை வந்ததும் யாருக்கும் நேரம் இருக்காது, குழுவில் குழந்தைப் படங்கள் வரும், அப்புறம் தீபாவளி வாழ்த்து, அப்புறம் ஒன்றும் இல்லை. அந்த இடத்தில்தான் பெரும்பாலான பெண்கள் நழுவுகிறார்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும், குழந்தையின் சர்க்கரையையும் பார்ப்பார்கள். ஆறு வாரம் கழித்து உங்களுக்கு மறுபடி ஒரு குளுக்கோஸ் சோதனை உண்டு. பலர் அதற்குப் போவதே இல்லை. இதற்குத் தலைப்பிரசவம், தாய்வீடு எல்லாம் காரணமாகிவிடும். ஆனால் கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவளுக்குப் பின்னால் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, வராதவளைவிட ஏறக்குறைய பத்து மடங்கு என்று 2020-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. அதனால் வருடம் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும், அடுத்த குழந்தை உண்டானால் முதல் மாதங்களிலேயே சோதிக்க வேண்டும். பேறுகாலத் தேதியை நர்ஸம்மா குறித்துக் கொடுத்திருப்பார். அதிலிருந்து ஆறு வாரம் எண்ணி, ஒவ்வொருத்தியின் பேருக்கு எதிரே அந்தத் தேதியை இப்போதே குழுவில் போட்டு வையுங்கள். உங்களுடையது அநேகமாகப் பொங்கலை ஒட்டி வரும். தாய்வீட்டில் இருப்பீர்கள். அங்கேயும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும், அட்டையை எடுத்துப் போங்கள்.

அன்புடன்.